தொழுதூர் பக்கம் கார் ஓவர்ஹீட், அவசர உதவி

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு குடும்பத்தோட கிளம்பினோம், முதல் நாளே தொழுதூர் பக்கத்துல நின்னுட்டோம். 2014 டீசல், ஏழு சீட்டர். உளுந்தூர்பேட்டை தாண்டினதும் டெம்பரேச்சர் முள்ளு ஏற ஆரம்பிச்சுது, ஏசிய ஆஃப் பண்ணா கொஞ்சம் இறங்குது, திரும்ப ஏறுது.

ஆறவிட்டு கூலன்ட் பாத்தேன், லெவல் சரியா இருக்கு, லீக் இல்ல, ஃபேன் ஓடுது, ஃபியூஸும் மாத்தியாச்சு. ரேடியேட்டரோட மேல் ஹோஸ்ல கை வைக்க முடியல, அவ்ளோ சூடு, கீழ் ஹோஸ் மட்டும் ஜில்லுனு இருக்கு. வெள்ளைப் புகை இல்ல, ஆயிலும் பால் மாதிரி ஆகல. இங்க இருக்கற மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல்) போயிடுச்சுன்னு சொல்றார், ஆனா அது போனா வர்ற புகையும் பால் ஆயிலும் இல்லாததால எனக்கு தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் கூலன்ட்ட ரேடியேட்டருக்கு விடற வால்வு) திறக்கலன்னுதான் தோணுது. அம்மாவுக்கு சுகர், இந்த வெயில்ல ரொம்ப நேரம் உக்கார வைக்க முடியாது.

தெர்மோஸ்டாட்ட கழட்டிட்டு, ஏசி போடாம மெதுவா திருச்சி வரைக்கும் ஓட்டலாமா?