காப்புக்காட்டு ஓரப் பட்டா நிலம்: வண்டிப்பாதையும் ஓடைத் தண்ணியும் யாருக்கு?

ஒடுகத்தூரான்:
ஊருக்கும் காப்புக்காட்டுக்கும் நடுவுல இருந்த நிலத்தை வெளியூர்க்காரர் ஒருத்தர் வாங்கி மாட்டுப்பண்ணை போட்டுட்டார். சுத்திக் கம்பிவேலி. ஜவ்வாது மலையில இருந்து இறங்கற ஓடை அந்த வழியாத்தான் வருது. கரையோர வண்டிப்பாதைக்கு இப்ப கேட்டு, பூட்டு. எங்க நைனா காலத்துல இருந்து ஆடு மாடு அதுலதான் போவும். ஓடையில மணல் மூட்டை அடுக்கி, மோட்டார் வெச்சுத் தீவனப்புல்லுக்கு இழுக்கறார். கீழ எங்க கிணறு வத்துது. கேட்டா "பட்டாவைப் பாருங்க"ங்கறார். இன்னா பண்றது?

பண்ணைவாசி:
காசு குடுத்து வாங்கின நிலத்துல அடுத்தவன் ஆடு நடக்கணும்னு எங்க எழுதியிருக்கு? நானும் பேரணாம்பட்டு பக்கம் காட்டோரம் பயிர் வைக்கறவன்தான். வேலி இல்லன்னா ஒரே ராத்திரியில காட்டுப்பன்னி வேர்க்கடலையைப் புரட்டிப் போட்டுடும். ஆந்திரா கவுண்டின்யா காட்டுல இருந்து யானை வேற. பாதை விட்டா கேட்டைச் சாத்தாமப் போவாங்க. நஷ்டம் எனக்குத்தானே?

புலப்படம்:
ரெண்டு பேரும் பட்டாவையே பிடிச்சுக்கிட்டா எப்படி? பட்டா யார் பேரு, எவ்ளோ பரப்புன்னு சொல்லும், அவ்ளோதான். பாதைக்கு அ-பதிவேட்டையும் (எந்தப் புல எண் யாருது, என்ன வகை நிலம்னு இருக்கற வருவாய்த்துறைக் கணக்கு) புல வரைபடத்தையும் பாருங்க. ஓடைக்கும் பாதைக்கும் தனி எண் போட்டுப் புறம்போக்குன்னு இருந்தா, அது அவர் வாங்கின நிலமே இல்ல. தாசில்தார் கிட்ட 1905 ஆக்கிரமிப்புச் சட்டத்துல மனு போடலாம். பாதை பட்டா எண்ணுக்குள்ளயே ஓடினா வசதியுரிமைச் சட்டம், 1882, அதாவது அடுத்தவர் நிலத்துல நமக்கு இருக்கற வழி, தண்ணி மாதிரி உரிமைக்கான சட்டம். 20 வருஷம் தடையில்லாம, யாரையும் கேட்காம, உரிமையா நடந்திருக்கணும். அரசு நிலம்னா 30 வருஷம்.

ஒடுகத்தூரான்:
கேட்காமன்னா? பழைய ஓனருக்கு வருஷா வருஷம் ரெண்டு வண்டி எரு அடிச்சுக் குடுப்போம் சார். அவரும் "போங்கப்பா"ம்பார்.

பண்ணைவாசி:
பாத்தீங்களா! அது தயவு. உரிமை எங்க வந்துச்சு?

புலப்படம்:
அந்த எரு விஷயம் கோர்ட்ல இடிக்கும், உண்மை. ஆனா ஊரே போன வழின்னா அதே 1882 சட்டத்துல 18-ம் பிரிவு இருக்கு, வழக்கத்தால வர்ற உரிமை. ஊர்ப் பொது மேய்ச்சல்ல மாடு மேய்க்கறதையே சட்டம் அதுக்கு உதாரணமா சொல்லுது.

தண்ணி தனிக் கதை. 7-ம் பிரிவு உதாரணத்துல ஓடையை ஒட்டி நிலம் இருக்கறவர் குடிக்க, வீட்டுக்கு, ஆடு மாட்டுக்கு எடுக்கலாம். பாசனத்துக்கும் எடுக்கலாம், ஆனா அதே மாதிரி ஓடையோரம் இருக்கறவங்களுக்குப் பெரிய பாதிப்பு வரக்கூடாது. அவர் மாடு குடிக்கறதை யாரும் தடுக்க முடியாது. புல்லுக்கு மோட்டார் போட்டு உங்களைக் காயவிட்டாத்தான் வழக்கு. உங்க நிலமும் ஓடையை ஒட்டி இருக்கணும், அதைச் சொல்லவே இல்லையே?

ஒடுகத்தூரான்:
ஒட்டித்தான் சார். கிழக்கு வரப்பே ஓடைக்கரை.

மலையடிவாரம்:
கேட்டு திறந்தா மட்டும் ஆயிடுச்சா அண்ணே? அந்தப் பக்கம் காப்புக்காடு. 2022 மார்ச்சுல ஐகோர்ட் முதல்ல எல்லாக் காட்டுலயும் மேய்ச்சல் கூடாதுன்னுச்சு, அதே மாசம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்தோட நிறுத்திக்கிச்சு. அதுக்காக மத்த காட்டுல இஷ்டத்துக்கு ஓட்டலாம்னு அர்த்தமில்ல. 2006 வன உரிமைச் சட்டத்துல மேய்ச்சல், தண்ணி ரெண்டும் வரும். ஜவ்வாது மலையில இருக்கற மலையாளிப் பழங்குடிகளுக்கு அது வழி. மத்தவங்க காட்டை நம்பிப் பிழைச்சவங்கன்னும், 2005 டிசம்பர் 13-க்கு முன்னாடி மூணு தலைமுறை, 75 வருஷம் இருந்தோம்னும் காட்டணும். நைனா காலம் பத்தாது, தாத்தாவுக்கும் அப்பன் காலத்துக்குப் போகணும்.

பண்ணைவாசி:
சர்வே பண்ணிக் கல்லு நட்டு, பாதைன்னு ஆனா பூட்டை எடுக்கச் சொல்லலாம். கேட்டு இருக்கட்டும். கிணறு விஷயத்தை மட்டும் ஒத்துக்க மாட்டேன். அந்தப் பக்கம் ஊரெல்லாம் போர்வெல் போட்டிருப்பாங்க, மோட்டார் மேல மட்டும் பழியா?

புலப்படம்:
ஓடையில ஓட்டம் இருக்கறப்பவே மூட்டைக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, தேதியோட போட்டோ எடுங்க. மேல தண்ணி ஓடிக் கீழ காஞ்சு கிடந்தா அதுக்குப் போரைச் சொல்ல முடியாது. பூட்டை மட்டும் உடைச்சுடாதீங்க, அப்புறம் கேஸு உங்க மேல.