எங்கள் கோச்சின் நினைவுக் கூட்டத்தில் என்ன பேசுவது?

கேள்வி:
அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் படித்தேன். எங்களுக்கு வரலாறு எடுத்தவர்தான் அமெரிக்கன் ஃபுட்பால் கோச், அதுபோகச் சொந்தமாக மாட்டுப் பண்ணையும் வைத்திருந்தார். போன வாரம் தவறிவிட்டார். நினைவுக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசச் சொல்கிறார்கள், அவ்வளவையும் எப்படி அடக்குவது?

பதில் 1:
அடக்கவே வேண்டாம். பட்டம், கோப்பை எல்லாம் இரங்கல் செய்தியிலேயே வந்திருக்கும். கண்ணில் நிற்கிற ஒரு காட்சி போதும்.

கேட்டவர்:
கண்ணில் நிற்பது அவர் பூட்ஸ்தான். மார்ச்சில் மாடுகள் கன்று போடும் சமயம், ராத்திரி முழுக்கக் கொட்டகையில் கிடந்துவிட்டு, காய்ந்த சேறோடு அப்படியே முதல் பீரியடுக்கு வந்து நிற்பார். ஒருமுறை சட்டைக் காலரில் வைக்கோல், பாடம் முடியும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

பதில் 2:
அதையே முதலில் சொல்லுங்கள். அப்புறம், உங்களுடையது ஆறு பேர் ஆடும் ஃபுட்பாலா? பதினொரு பேர் தேறாத சின்னப் பள்ளிகளுக்காக 1934-ல் நெப்ராஸ்காவில்தான் அது தொடங்கியது, மைதானமே 80 கெஜம்தான். வெளியூர்க்காரர்கள் இருந்தால் அதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் புரியாது.

கேட்டவர்:
ஆமாம், ஆறு பேர்தான். பெஞ்சில் கூடுதலாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தாலே அவருக்குத் திருவிழா! சரி, பூட்ஸிலேயே ஆரம்பிக்கிறேன்.