புதுப்பிப்பு: விஸ்கான்சின் திருமண்டல இணைப்பு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எபிஸ்கோபல் சபைக்கு உள்ள மூன்று திருமண்டலங்கள் (ஒரு பேராயரின் கீழுள்ள சபை வட்டாரங்கள்) ஒன்றானால் நம்மைப் போன்ற சபையாருக்கு என்ன வேலை மிஞ்சும் என்று முன்பு இந்த இழையில் கேட்டிருந்தேன். மில்வாக்கி, ஃபாண்ட் டு லாக், ஓ கிளேர் மூன்றும் சேர்ந்து மீண்டும் விஸ்கான்சின் திருமண்டலம் ஆக, 2024 ஜூனில் லூயிவில்லில் கூடிய எபிஸ்கோபல் சபையின் பொதுப் பேரவை ஒப்புதல் தந்தது. அப்போது அதன் பேராயர் ஆனவர் மேத்யூ குன்டர். 1847-இல் ஒன்றாக இருந்ததுதான் பின்னாளில் பிரிந்தது.

சரி, வாய்ப்புகளுக்கு வருகிறேன். 21 முதல் 30 வயதுக்குள் இருப்பவர்கள் இளையோர் ஊழியத் திட்டத்தில் சேர்ந்து ஓர் ஆண்டு வெளிநாட்டுத் திருச்சபை ஒன்றில் பணியாற்றலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு செவானீ பல்கலைக்கழகத்தின் நான்காண்டு இறையியல் படிப்பு இருக்கிறது. வாராவாரம் சிறு குழுவாகக் கூடிப் படிப்பது. பட்டம் கிடையாது, ஆனால் வேதாகமமும் சபை வரலாறும் உருப்படியாக உள்ளே இறங்கும். கையில் நேரம் இருந்தால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம், நீலப்பெட்டி. 1889-இல் பெண்கள் தொடங்கிய நன்றிக் காணிக்கை இது. அட்டைப்பெட்டியை அடுப்படியில் வைத்துக்கொண்டு, மழை நின்றது, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது என ஒவ்வொன்றுக்கும் ஒரு காசு போடுவது. சேரும் பணம் ஊழியங்களுக்கு நல்கையாகப் போகிறது.

சி.எஸ்.ஐ.யிலிருந்து (தென்னிந்தியத் திருச்சபை) வந்தவர்கள் பலர், இங்கே நற்கருணை எடுக்கலாமா என்று கேட்டீர்கள்: எபிஸ்கோபல் சபையைப் போலவே சி.எஸ்.ஐ.யும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்ததுதான். தயங்காமல் நற்கருணைக்குப் போங்கள்.