பாங்காக் ஒரே நாளில்: படகா, மெட்ரோவா?

ஆற்றோரம்
கிராண்ட் பேலஸ் அரண்மனைக்கு எப்படிப் போறதுன்னு கேட்குற, சுகும்வித், அசோக் பக்கம் தங்குற எல்லாருக்கும் "சனாம் சாய் மெட்ரோவில் இறங்குங்க"ன்னு ஒரே பதிலைச் சொல்றதை விடுங்க. கிராண்ட் பேலஸுக்குள்ள போற வாசல் வடக்கே, நா ப்ரா லான் சாலையில இருக்கு. ஸ்டேஷன் தெற்கு மூலையில. நடுவுல வாட் போ கோயில் முழுசும், அரண்மனை மதில் முழுசும் கிடக்கு. கால் மணி நேரத்துக்குக் குறையாத நடை, பாதிக்கு மேல நிழல் கிடையாது. சபான் டாக்சின் போய் ஆரஞ்சுக் கொடி படகு ஏறினா 16 பாட். தா சாங் துறையில இறங்கினா அஞ்சு நிமிஷத்துல வாசல்.

நீலத்தடம்
அசோக்ல ரயில் ஏறி, சியாம்ல மாறி, சபான் டாக்சின்ல இறங்கி, படகுக்குக் காத்திருந்து, அதுக்கப்புறம் அரை மணி ஆத்துல. இதையும் கணக்குல சேருங்க. அசோக் பக்கத்துலேயே இருக்கிற சுகும்வித் மெட்ரோ ஸ்டேஷன்ல ஏறினா சனாம் சாய் வரைக்கும் ஒரே வண்டி. நடையும் சேர்த்தே முக்கால் மணிதான். அரண்மனை திறக்கிறது 8:30க்கு. ஒன்பதரைக்கு டூர் பஸ் கூட்டம் உள்ள வந்துட்டா அங்கே இருக்கிற வாட் ப்ரா கேவ் கோயில் வாசல்ல செருப்பு கழட்டக்கூட இடம் இருக்காது. காலை எட்டு மணி நடையில வெயில் ஒண்ணும் பண்ணாது, பதினோரு மணி நடைதான் ஆளைச் சாய்க்கும்.

இன்னொண்ணு, நீல மெட்ரோல விசா, மாஸ்டர்கார்டையே கேட்ல தட்டிப் போயிடலாம். ஒரு கார்டுல ஒருத்தர்தான். ரெண்டு பேர்னா ரெண்டு கார்டு, இல்லேன்னா டோக்கன்.

சபான் டாக்சின்ல படகு ஏறுற சாத்தோன் துறையில வேற ஒரு குழப்பம் இருக்கு. கண்ணுல முதல்ல படுறது சுற்றுலாப் படகு கவுண்டர். நாள் டிக்கெட் 150 பாட். ஆரஞ்சுக் கொடியில பத்து தடவை ஏறினாத்தான் அந்தக் காசு வரும். ஒரே நாள்ல பத்து தடவை யார் படகு ஏறப் போறாங்க?

ஆற்றோரம்
சனாம் சாய்லேர்ந்து வாசல் வரைக்கும் நடக்கிற அந்த நடையிலதான் ஏமாத்துக்காரங்களும் நிக்கிறாங்க, அதைச் சொல்லலையே. நல்லா உடுத்தின ஒருத்தர் வந்து "இன்னிக்கு அரண்மனை மூடியிருக்கு, பூஜை"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வார். உடனே 20 பாட்டுக்கு ஊர் சுத்திக் காட்ட ஒரு டுக்டுக் வந்து நிக்கும். அது போய் நிக்கிறது ரத்தினக்கல் கடையிலயும் தையல்கடையிலயும்தான். கமிஷன் டிரைவருக்கு.

நீலத்தடம்
அவங்க தா சாங் பக்கமும்தான் நிக்கிறாங்க. திறந்திருக்கா மூடியிருக்கான்னு டிக்கெட் கவுண்டர்ல மட்டும் கேளுங்க, ரோட்டுல யார்கிட்டயும் கேட்காதீங்க. டிக்கெட் 500 பாட், மூன்றரைக்கு விற்பனையை நிறுத்திடுவாங்க. தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். தோள்மேல துப்பட்டா போட்டுச் சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, கை வச்ச சட்டைதான் வேணும்.

கேமராக்காரன்
ரெண்டு பேரும் வாசல்லயே நின்னு சண்டை போடுறீங்க. வாட் அருண் கோயிலை எப்போ பாக்குறது? அது மேற்குக் கரையில, ஆத்தைப் பாத்துக் கிழக்கே திரும்பி நிக்குது. காலையில இக்கரையில தா தியன் துறை பக்கத்துலேர்ந்து பாத்தா கோபுரத்துல பதிச்ச சீனப் பீங்கான் துண்டு ஒவ்வொண்ணும் மின்னும். சாயங்காலம் சூரியன் பின்னால போயிடும், வெறும் கறுப்பு உருவம்தான் கிடைக்கும். அதுவும் அழகுதான், ஆனா அதுக்கு அக்கரைக்குப் போய் 200 பாட் டிக்கெட் எதுக்கு? இக்கரையிலேயே உக்காந்து பாக்கலாம். பீங்கான் வேலைப்பாட்டைக் கிட்டத்துல பாக்கணும்னா அரண்மனை முடிச்ச கையோட, மதியத்துக்குள்ள, தா தியன்ல தோணி ஏறிடுங்க. அஞ்சே பாட். படி செங்குத்து. ஏறுறதைவிட இறங்குறதுதான் முட்டியைப் பதம் பாக்கும்.

மார்கழி
மதியத்துக்கு மேல எல்லாரும் யாவரத்துக்கு, அதான் சைனாடவுனுக்கு, ஓடுறீங்க. சாப்பாட்டுக் கடைங்க களைகட்டுறது இருட்டினப்புறம்தான். அதுவரைக்கும் சாம் யோட் ஸ்டேஷன்ல இறங்கி ராட்சத ஊஞ்சலைப் பாருங்க. பக்கத்துலேயே அரசவைப் பிராமணர்களோட தேவஸ்தான் கோயில். அவங்க திருவிழாவுக்குப் பேரு திரியம்பாவாய், நம்ம திருவெம்பாவைதான். அந்தத் திருவிழாவுல ஊஞ்சலாடுறதை 1935ல நிறுத்திட்டாங்க, சிவப்புத் தூண் மட்டும் நிக்குது. அடுத்த ஸ்டேஷன் வாட் மங்கோன், அதுதான் யாவரத்.

நீலத்தடம்
இது நல்ல வரிசை. மொத்தமும் நீலத்தடத்துலேயே முடியுது, கவனிச்சீங்களா?

ஆற்றோரம்
கவனிச்சேன். காலையில மெட்ரோ, விட்டுக் கொடுக்கிறேன். ஆத்துல ஒரு தடவைகூட போகாம பாங்காக் பாத்தேன்னு சொல்றதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். மார்கழி சொன்ன வரிசையில யாவரத்துக்கு முன்னால ஒரு மணி நேரம் ஒதுக்குங்க போதும்.

நீலத்தடம்
சாயங்காலம் அஞ்சுக்கு மேல ஆரஞ்சுக் கொடியில ஆபீஸ் கூட்டம். நிக்கத்தான் இடம்.

ஆற்றோரம்
அப்போ மூணு மணிக்கு ஏறுங்க. துறையில ஒரே மிதவைதான், ரெண்டு பக்கம் போற படகும் அங்கேதான் ஒட்டும். சாத்தோனான்னு கேட்டுட்டு ஏறுங்க. ஏறி இறங்குறது பின்பக்கம். ஓட்டுறவருக்கு முன்னாலேர்ந்து அது தெரியாது, கயிறு போடுற ஆளோட விசிலை வச்சுத்தான் அணைக்கிறார். விசில் மாறின உடனே படகு நகர்ந்துடும், ஒரு கால் மிதவையில ஒரு கால் படகுல வச்சுக்கிட்டு போட்டோ எடுக்காதீங்க.