மூன்றாம் டிவிஷன் படிவம்

குழு: பெரம்பூர் வீடு
ஞாயிற்றுக்கிழமை

நான், மாலை 6:40
படிவத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நம் பகுதி கிளப்பில் என்னை எடுத்துக்கொண்டார்கள். சென்னை கால்பந்து லீகில் மூன்றாம் டிவிஷன். புதன்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

ஓட்டேரி அத்தை, 6:42
கண்ணா! வாழ்த்துகள். இப்போதே சாமிக்கு விளக்கேற்றுகிறேன்.

நான், 6:44
வாழ்த்தும் அளவுக்கு எதுவும் இல்லை அத்தை. மூன்றாம் டிவிஷன்தான். வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு தனியார் அகாடமியில் தேர்வு நடக்கிறது. அதுவரை பொறுத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்பா, 6:51
பிளஸ் டூ ஆண்டு இது. தினமும் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம் என்றால் படிப்பு எந்த நேரத்தில்? எனக்கு இதில் விருப்பம் இல்லை.

பெரியப்பா, 6:58
‘மூன்றாம் டிவிஷன்தான்’ என்று எழுதியிருக்கிறாய். அந்தத் ‘தான்’ எனக்கு மிகவும் வலிக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அதுவரை யாரும் முடிவு செய்துவிடாதீர்கள்.

அம்மா, 7:02
மெதுவாகச் சாப்பிடுங்கள் மாமா. படிவம் எங்கும் போய்விடாது.

பெரியப்பா, இரவு 8:15
தம்பி, 1934இல் மதராஸ் கால்பந்துச் சங்கம் உருவானது. நாடு முழுவதற்குமான கூட்டமைப்பு 1937இல்தான் வந்தது. நம் ஊர்ச் சங்கம் அதைவிட மூன்று ஆண்டு மூத்தது. கல்கத்தாவில் 1898இலேயே லீக் தொடங்கிவிட்டது, அவர்கள் நமக்கு அண்ணன்கள்தான். ஆனால் நம்முடையதும் நேற்று முளைத்ததல்ல. சீனியர் டிவிஷன், அதற்குக் கீழே முதல், இரண்டாம், மூன்றாம் டிவிஷன் என்று படிகள். மேலே வந்த அணி ஏறும், கடைசியில் நின்ற அணி இறங்கும். நீ நிற்கப்போவது அந்தப் படிகளில் ஒன்று.

பெரியப்பா, 8:21
உன் தாத்தா அதே படியில் வெறுங்காலில் நின்றவர். கணுக்காலில் துணிப்பட்டை இறுக்கிச் சுற்றிக்கொள்வார், அவ்வளவுதான். அதை ஏழ்மை என்று மட்டும் நினைத்துவிடாதே. பந்து விரலில் ஒட்டும் உணர்வு பூட்ஸில் வராது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணியிலும் பெரும்பாலோர் வெறுங்கால்தான். பிரான்சிடம் 1-2 என்று தோற்றோம். இரண்டு பெனால்டி வீணாயின. நமக்குக் கிடைத்த அந்த ஒரு கோல், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல், சாரங்கபாணி ராமன் அடித்தது. 1952இல் ஹெல்சிங்கி குளிரில் யுகோஸ்லாவியாவிடம் 1-10. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. தாத்தா முதல் பூட்ஸைப் பெரியமேட்டில் இரண்டு தவணையில் வாங்கினார். ஒரு மாதம் வரை கொப்புளத்தோடு நடந்தாராம்.

ஓட்டேரி அத்தை, 8:24
அந்தப் பூட்ஸ் பரணில் இருந்தது அண்ணா. எலி கடித்துவிட்டது என்று அம்மா தூக்கிப் போட்டபோது அப்பா இரண்டு நாள் பேசவில்லை.

அயனாவரம் மாமா, 8:26
இப்போதுதான் மைதானத்திலிருந்து வந்தேன். மருமகனே, நல்ல செய்தி. பெரியவர் சொல்லி முடிக்கட்டும், பிறகு நானும் சொல்கிறேன்.

பெரியப்பா, 8:33
இந்த லீகை இத்தனை காலம் தாங்கி நின்றவை அலுவலக அணிகள். தெற்கு ரயில்வே, ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்., அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஏ.ஜி. அலுவலகம், ரிசர்வ் வங்கி, சுங்கத்துறை, வருமான வரித்துறை, இந்தியன் வங்கி. ஆடுவதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. ஆடத் தெரிந்ததால் வேலை, அந்த வேலைக்குச் சம்பளம். காலை பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, இரண்டரைக்கு அனுமதி, நான்கு மணிக்கு ஆட்டம். மறுநாள் மேசையில் இரண்டு நாள் கோப்பு காத்திருக்கும். தோற்றுவிட்டால் பியூன் முதல் அதிகாரி வரை விசாரிப்பார்கள். ஜெயித்தால் கேன்டீனில் காசு வாங்கமாட்டார்கள்.

எனக்கு வேலை கிடைத்த கதையை உன் அப்பா உனக்குச் சொல்லியிருக்கிறானா?

அப்பா, 8:34
சொன்னதில்லை அண்ணா.

பெரியப்பா, 8:41
அப்படியானால் இப்போது எழுதுகிறேன். நான் ஆடியதும் மூன்றாம் டிவிஷன். புல் இல்லாத மைதானம், ஒரு மூலையில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒரு நாள் சைக்கிளில் வந்த ஒருவர் இரண்டாம் பாதி முழுவதும் கோட்டோரமாக நின்று பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, இடது காலால் எத்தனை ஆண்டாக ஆடுகிறாய் என்று கேட்டார். அவர் ஓர் அலுவலக அணியின் பயிற்சியாளர். எட்டு மாதத்தில் எனக்கு நியமன ஆணை வந்தது. இந்த வீட்டின் மாடி, உன் அத்தையின் கல்யாணம், உன் அப்பாவின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் தொடங்கியவை. அவர் சீனியர் டிவிஷன் ஆட்டம் பார்க்கப் போகவில்லை தம்பி. ஆளைத் தேடி மூன்றாம் டிவிஷனுக்கு வந்தார்.

ஓட்டேரி அத்தை, 8:45
பதினோரு ஜெர்சியும் நம் வீட்டில்தான் துவைத்தோம். கிணற்றடியில் சேறு போகும்வரை அடித்து, நீலம் போட்டு, மாடியில் காயவைப்போம். முதுகில் ஒட்டிய எண் இரண்டு துவைப்பில் பிய்ந்துவிடும். அண்ணனின் 8ஆம் எண்ணை நான்தான் ஊசி நூலால் சுற்றித் தைத்தேன். இன்னும் என் கைக்கு அந்த வளைவு தெரியும்.

பெங்களூர் அண்ணன், 8:52
அப்பா, படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் தம்பிக்காக நான் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த வாசல் இப்போது மிகவும் குறுகிவிட்டது. வங்கிகளும் அலுவலகங்களும் அப்போது எடுத்ததுபோல ஆள் எடுப்பதில்லை. லீகும் எல்லா ஆண்டும் ஒரே சீராக நடப்பதில்லை. பதினேழு வயதில் ஒரு பருவம் போனால் போனதுதான். அகாடமியில் உணவு முறை, உடற்பயிற்சி, காணொளிப் பாடம் எல்லாம் கிடைக்கும். காத்திருப்பதும் நியாயம்தானே?

பெரியப்பா, 8:58
வாசல் குறுகியது உண்மை. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நாளிதழின் மூலையில் ‘இன்றைய ஆட்டங்கள்’ என்று நான்கு வரி வரும். அதைப் பார்த்துத்தான் ஊரே மைதானத்துக்கு வந்தது. அந்த நான்கு வரி போனதும் கூட்டமும் போயிற்று. லீக் நடக்காத ஆண்டில் எத்தனை பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. ஆனால் காத்திருப்பதால் கால் பழகாது மகனே.

அயனாவரம் மாமா, 9:06
நான் நடுவராக முதன்முதலில் ஊதியதும் கீழ் டிவிஷன் ஆட்டம்தான். காலை ஆறு மணிக்கு கிளப் செயலாளர் ஒரு டப்பாவில் சுண்ணாம்பு கொண்டுவந்து கோடு போடுவார். வலையை அவரே கட்டுவார். நான்கு மூலைக்கும் கொடி, ஒரு முதலுதவிப் பெட்டி, இரண்டு குடம் தண்ணீர். பந்து மதிலைத் தாண்டி ரயில்வே குடியிருப்புக்குள் விழுந்தால் ஒரு பையன் ஓடுவான், அதுவரை எல்லோரும் நிற்போம். இந்த ஊரில் கால்பந்து உயிரோடு இருப்பது இப்படிச் சொந்தக் காசில் சுண்ணாம்பு வாங்குகிறவர்களால்.

அயனாவரம் மாமா, 9:11
பெரியவர் ஆடிய காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளி. சமன் செய்தால் ஒன்று. அதனால் பெரிய அலுவலக அணியிடம் 0-0 என்று தப்பித்தாலே சிறிய கிளப் கொண்டாடும். 1994 உலகக் கோப்பையில் மூன்று புள்ளி வந்தது, பிறகு எல்லா லீகுக்கும் அதுவே விதி. அதற்குப் பிறகுதான் கடைசிப் பத்து நிமிடம் ஆட்டமாக மாறியது. நடுவனாக நான் அதிகம் ஓடியதும் அப்போதுதான்.

நான், 9:14
மாமா, மூன்றாம் டிவிஷனில் ஆடி யாராவது பெரிய இடத்துக்குப் போயிருக்கிறார்களா? இப்போது, நம் காலத்தில்?

அயனாவரம் மாமா, 9:20
கிளப்பையே எடுத்துக்கொள். 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று தொடங்கியது ஒன்று. நம் உள்ளூர் லீகில் ஆடி வளர்ந்தது. அதுவே சென்னை சிட்டி என்று பெயர் மாறி 2018-19இல் தேசிய அளவிலான ஐ-லீக் பட்டம் வென்றது. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர், மினர்வாவுக்கு எதிராக 3-1. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம்.

பெங்களூர் அண்ணன், 9:22
அந்த ஆட்டத்தை நான் கைப்பேசியில் பார்த்தேன். முதலில் கோல் வாங்கிவிட்டு, பிறகு கௌரவ் போரா இரண்டு அடித்தார். தடுப்பாட்டக்காரர்! அந்த அணி இன்று தேசிய லீகில் இல்லை என்பது வேறு வேதனை.

பெரியப்பா, 9:27
அதற்கு முன்பே இந்தியன் வங்கி இருக்கிறது. 1996-97இல் தேசிய லீக் முதன்முதலாகத் தொடங்கியபோது அதில் ஆடிய பன்னிரண்டு அணிகளில் அதுவும் ஒன்று. கோவா, கல்கத்தா, பஞ்சாப் அணிகளோடு நம் ஊர் வங்கி ஊழியர்கள் மோதினார்கள். மைதானத்தில் நான் கத்திய கத்தலில் மறுநாள் அலுவலகத்தில் பேச்சே வரவில்லை.

அயனாவரம் மாமா, 9:31
ஆட்களையும் சொல்கிறேன். சைமன் சுந்தரராஜ் 1960 ரோம் ஒலிம்பிக் ஆடியவர். 1973இல் கேரளா மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை முதன்முதலாக வென்றபோது பயிற்சியாளரும் அவரே. தமிழ்நாடு அந்தக் கோப்பையை இன்னும் தொடவில்லை. 2012இல் இறுதிவரை போய் சர்வீசஸ் அணியிடம் 2-3 என்று இழந்தோம். உன் காலத்துக்கு வந்தால், தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பிள்ளை, சென்னையின் எஃப்.சி. 2017-18இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற அணியில் நடுக்களம். நந்தகுமார் சென்னைப் பையன். 2023 துரந்த் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக அந்த ஒரே கோலை அடித்தார். வியாசர்பாடி உன் வீட்டிலிருந்து எத்தனை தூரம்?

நான், 9:32
சைக்கிளில் பத்து நிமிடம்.

அப்பா, 9:36
மச்சான், ஒரு சந்தேகம். இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டால் அகாடமி தேர்வுக்குப் போக முடியாதா?

அயனாவரம் மாமா, 9:42
போகலாம் மாப்பிள்ளை. பதிவு இப்போது கணினி வழியாக நடக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கிளப்புக்கு மட்டுமே பதிவு இருக்கும். வேறு இடம் கிடைத்தால், மாற்றத்துக்கான காலத்தில் விண்ணப்பித்து மாறலாம். அமெச்சூர் பதிவா, சம்பள ஒப்பந்தமா என்பதை மட்டும் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா, 9:47
எத்தனை பருவத்துக்கு என்ற இடத்தையும் பார். காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதே. எனக்கு ஒரு முறை அந்தத் தவறு நேர்ந்தது. ஒரு கிளப், பெயர் வேண்டாம், தடையில்லாச் சான்று தராமல் ஒரு பருவம் முழுவதும் என்னை ஆடவிடவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று நண்பர்கள் ஆடுவதைப் பார்த்த அந்த எட்டு மாதம் இன்னும் ஆறவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் படிவத்தில் ‘ஒரு பருவம்’ என்று அச்சாகியிருக்கிறது. செயலாளர் நல்ல மனிதர்.

அம்மா, 9:50
பயிற்சி எத்தனை மணிக்கு?

நான், 9:50
காலை ஐந்தரை முதல் ஏழு வரை. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிப்ரவரி, மார்ச்சில் பரீட்சை எழுதுகிறவர்களைக் கூப்பிடமாட்டார்களாம்.

அம்மா, 9:53
அப்படியானால் இரவு பத்துக்குக் கைப்பேசி என்னிடம் வந்துவிட வேண்டும். நான்கே முக்காலுக்கு எழுப்புவேன். ஒரு முறைதான் எழுப்புவேன்.

அப்பா, 9:58
காலாண்டுத் தேர்வு மதிப்பெண் குறைந்தால் மறுபடி பேசுவோம். பெற்றோர் கையெழுத்து இடத்தில் நான் போடுகிறேன்.

நான், 9:59
அகாடமி தேர்வுக்கும் போவேன் அப்பா. ஆனால் அதுவரை இங்கே ஆடுகிறேன்.

பெரியப்பா, 10:01
எந்த இடத்தில் ஆடவைக்கிறார்கள்?

நான், 10:01
இடது ஓரம் பெரியப்பா. எண் இன்னும் தரவில்லை.

ஓட்டேரி அத்தை, 10:03
8 காலியாக இருக்கிறதா என்று கேள் கண்ணா. இந்த முறையும் நான் தைத்துத் தருகிறேன்.

அயனாவரம் மாமா, 10:05
பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு. நாளைக்கே எடுத்து வை. வயதுச் சான்றில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்தலாம்.

பெரியப்பா, 10:08
செவ்வாய் மாலை நேரு ஸ்டேடியம் வாசலில் நில். இப்போது நீ பார்க்கும் கட்டடம் 1993 நேரு கோப்பைக்காக எழுந்தது. அதற்கு முன் அங்கே கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956இல் கிரிக்கெட் டெஸ்டில் மன்கடும் பங்கஜ் ராயும் தொடக்க ஜோடியாக 413 ரன் குவித்ததும் அதே இடத்தில்தான். சுற்றிலும் விளையாட்டுப் பொருள் கடைகள். பூட்ஸ் என் கணக்கு. உன் அளவு என்ன?

நான், 10:08
8 பெரியப்பா.

பெரியப்பா, 10:09
அரை அளவு பெரிதாக எடுக்காதே. பழைய காலுறையைப் போட்டுக்கொண்டு வா. கடையில் பத்து நிமிடம் நடந்து பார்த்த பிறகுதான் பணம் கொடுப்பேன்.