உலர்குழியா, வெறுங்குழியா? பல் எடுத்தவர்களுக்கான துண்டறிக்கைக்கு ஒரு சொல்

மன்னார்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பல் முகாமில் பல் எடுத்துக்கொள்பவர்கள் கையில் கொடுத்தனுப்ப ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கும்பகோணத்து அச்சகத்துக்குப் போயாக வேண்டும். என்ன சாப்பிடலாம், எது ஆகாது என்பதெல்லாம் எழுதியாயிற்று. ‘டிரை சாக்கெட்’ என்ற இடத்தில்தான் நிற்கிறேன். பல் இருந்த குழியில் உறைந்த ரத்தம், புண் ஆறுவதற்கு முன்பே கழன்றுபோய், எலும்பு வெளியே தெரிந்து, இரண்டு மூன்று நாளில் காது வரை வலி தெறிக்குமே, அந்த நிலை. ஸ்ட்ரா ஏன் கூடாது, காறித் துப்புவது ஏன் கூடாது என்பதற்கெல்லாம் இதுதான் காரணம். காரணம் புரியாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு நல்ல சொல் தாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

உலர்பற்குழி. பல்லும் குழியும் வேற்றுமையில் புணரும்போது லகரம் றகரமாகும். ‘உலர்’ இங்கே வினைத்தொகை, ஆகவே வல்லெழுத்து மிகாது. அச்சகத்தில் ‘உலர்ப்பற்குழி’ என்று ஒற்றுப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ரத்தம்’ எதற்கு? ‘குருதி’ இருக்கிறது. உறைந்தது ‘உறைகுருதி’. பல்லுக்கே ‘எயிறு’ என்ற பழஞ்சொல் உண்டு. ‘வாலெயிறு ஊறிய நீர்’ என்கிறார் வள்ளுவர். துணிந்தால் ‘எயிற்றுக்குழி’ என்றே எழுதலாம். நம் சொல்லை நாமே பழக்காவிட்டால் வேறு யார் பழக்குவார்கள்?

திருவாரூரிலிருந்து (பல் மருத்துவர்):

ஐயா, ‘எயிறு’ என்று போட்டால் என்னிடம் வருகிறவர்கள் ‘ஈறு’ என்று படிப்பார்கள். ‘உலர்’ என்பதும் எனக்கு உறுத்துகிறது. வாய்க்குள் எச்சில் ஊறிக்கொண்டேதான் இருக்கும். குழி உலர்ந்துவிடும் என்று படித்தால் நோயாளி என்ன செய்வார்? தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பார். முதல் 24 மணி நேரம் செய்யவே கூடாதது அதுதான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரெல்லாம் அதற்கு அப்புறம்தான். உறைந்த ரத்தம் போய்க் குழி வெறுமையாகிவிட்டது என்பதுதான் விஷயம், எனவே ‘வெறுங்குழி’ என்று எழுதுங்கள்.

‘ரத்தக்கட்டி’ என்றும் தயவுசெய்து எழுத வேண்டாம். கட்டி என்றாலே உடைய வேண்டியது, வெளியே வர வேண்டியது என்றுதான் நம் ஊரில் நினைப்பு. கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்துக்கொண்ட ஒருவர், கருஞ்சிவப்பாக ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறதே என்று கண்ணாடியைப் பார்த்து ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார், உட்காரக்கூட முடியவில்லை. நான் வாயால் சொல்லும்போது தயிரைத்தான் சொல்வேன்: பால் உறைகிற வரை பாத்திரத்தை யாராவது ஆட்டுவார்களா? உடனே புரிந்துவிடும்.

சாப்பாட்டுப் பகுதியில் ‘மென்மையான உணவு’ என்று பொதுவாக விட்டுவிடாதீர்கள். உதடு மரத்திருக்கும்போது எதையும் மெல்லக் கூடாது. கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. மரப்பு தெளிந்த பிறகு, குழைய வேகவைத்து ஆறிய தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி, ஊறுகாயும் பச்சை மிளகாயும் இல்லாமல் கரைத்த பழையது. எதிர்ப்பக்கமாக மெல்லச் சொல்லுங்கள். காபியை நன்றாக ஆற்றிக் குடிக்கட்டும். முறுக்கும் பொரியும் வேண்டாம். புகையிலை, வெற்றிலை சீவல் கூடவே கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து:

டாக்டர் தயிரைச் சொன்னதும் எனக்கு ‘உறை’ பிடித்துக்கொண்டது. உறைமோர், உறைவிடம், வாளுறை எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பூம்புகாரைப் பாடும் பட்டினப்பாலையில் ‘உறைக்கிணற்றுப் புறச்சேரி’ வருகிறது. குழி சரியாமல் உள்ளிருந்து காக்கும் சுடுமண் வளையத்துக்கும் உறை என்றே பெயர். இன்றைக்கும் கிணற்றுக்கு உறை இறக்குகிறோம். பற்குழியில் ரத்தம் செய்வதும் அதுவே. உறைகிறது, உறையாக மூடுகிறது, அங்கேயே உறைய வேண்டும். மூன்றும் ஒரே வேர் என்றே நான் நம்புகிறேன். ஆகவே அதற்குக் ‘குழியுறை’, அது போய்விட்டால் ‘உறையிழப்பு’.

தஞ்சாவூரிலிருந்து:

தங்குவதும் இறுகுவதும் ஒரு வேர் என்றால் சரி. மூடும் உறையை அதில் சேர்க்கச் சான்று வேண்டும். மழைத்துளிக்கும் உறை என்று பெயர் உண்டு. மிளகாய் உறைக்கிறது என்கிறோம். அதையும் சேர்ப்பீர்களா?

நாகப்பட்டினத்திலிருந்து:

இதைப் படிக்கப்போகிறவர் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, பேச முடியாமல் பேருந்தில் ஊருக்குப் போகிறவர். ‘உறையிழப்பு’ என்றால் என்ன என்று அவர் யாரைக் கேட்பார்? ‘டிரை சாக்கெட்’ என்றே போட்டு இரண்டு வரி விளக்கம் கொடுங்கள். வலி வந்து போன் செய்தால் நர்ஸ் கேட்கப்போவதும் அந்தச் சொல்லைத்தான். இன்னொன்று, வரைவில் ‘உறிஞ்சுகுழல்’ என்று பார்த்தேன். இளநீர்க் கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ‘ஸ்ட்ரா போடாமல் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள்’ என்று எழுதினால் போதும்.

மன்னார்குடியிலிருந்து:

நாளைக்கு வெள்ளி. டாக்டர் சொன்ன ‘வெறுங்குழி’யையே எடுத்துக்கொள்கிறேன். மயிலாடுதுறை ஐயாவின் உறையையும் விட மனமில்லை. வாசகம் இப்படி: ‘பல் எடுத்த குழியில் ரத்தம் தயிர்போல் உறையும். இந்த ரத்த உறைதான் புண்ணை ஆற்றும். உறிஞ்சினாலோ, துப்பினாலோ, நோண்டினாலோ அது கழன்று வெறுங்குழி (டிரை சாக்கெட்) ஆகிவிடும். வலி கூடினால் உடனே வாருங்கள்.’ ஸ்ட்ரா, ஸ்ட்ராவாகவே இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து:

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் பல்லைப் பிடுங்கிய அந்த நொடியில் இருப்பதும் வெறுங்குழிதான். நோய்க்கு அந்தப் பெயர் நிற்காது. நம் குழுவின் சொற்பட்டியலில் ‘உலர்பற்குழி’ இருந்தே ஆக வேண்டும். அப்புறம், ரகரம் மொழிமுதல் வராது. ‘இரத்த உறை’ என்றாவது திருத்துங்கள், இன்னும் நேரம் இருக்கிறது.