48-க்கு 32: குடும்பக் குழுவில் கௌபாய்ஸ் பஞ்சாயத்து

குழு: டெக்சாஸ் – மதுரை சொந்தங்கள்
(பெயர்கள் என் போனில் சேமித்து வைத்திருக்கிறபடி. அன்றைக்கு அமெரிக்கன் புட்பால் பிளேஆஃபில், அதாவது தோற்றால் சீசனே முடிகிற சுற்றில், எங்கள் டல்லாஸ் கௌபாய்ஸ் ஆர்லிங்டனில் கிரீன் பே பேக்கர்ஸோடு மோதியது. அத்தான் மட்டும் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் ரசிகர்.)

ஜனவரி 14, 2024, ஞாயிறு

அண்ணன்: 27-0. இடைவேளைகூட வரவில்லை. நான் டிவியை அணைத்துவிட்டேன்.

அத்தான்: என்ன மச்சான் அதற்குள்? நேற்று ஹூஸ்டனில் நாங்கள் பிரவுன்ஸை 45-14 என்று வழியனுப்பினோம், இந்தக் குழுவில் ஒரு வாழ்த்துக்கூட வரவில்லை. இன்றைக்கு மட்டும் போன் விடாமல் அடிக்கிறது.

அக்கா: நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். நாளைக்கு எல்லோரும் பொங்கலுக்கு ஒரே வீட்டில் உட்கார வேண்டும்.

சித்தப்பா: நான் ஆர்லிங்டனில் ஸ்டேடியத்துக்குள்தான் இருக்கிறேன். பேக்கர்ஸின் சாவேஜ் நம் பாஸைப் பிடித்து 64 யார்டு ஓடியபோது எங்கள் வரிசையில் ஒருவரும் கத்தவில்லை. பக்கத்து சீட்டில் மஞ்சள் சீஸ் தொப்பி போட்ட ஒரு பெரியவர், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பாப்கார்னை நீட்டுகிறார்.

சித்தி: வாங்கிக்கொள்ளுங்கள். மத்தியானம் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. வெளியே உறைகிறது, வரும்போது பாலத்தில் மெதுவாக வாருங்கள்.

தம்பி: அம்மா, அப்பா வாங்கவில்லை. பேக்கர்ஸ்காரன் கைச்சோறு வேண்டாமாம்.

அத்தான்: 😂😂

சித்தப்பா: முடிந்தது. 48-32. அந்த 32-ஐப் பார்த்து நல்ல போட்டி போல என்று யாரும் நினைக்க வேண்டாம், ஒரு கட்டத்தில் 48-16. கடைசியில் அடித்ததெல்லாம் கணக்குக்கு. நம் குவார்ட்டர்பேக் (பாஸ் போடுகிறவன்) டாக் 403 யார்டு என்று நாளைக்கு டிவியில் பெருமையாகக் காட்டுவார்கள் பாருங்கள்.

அத்தை மதுரை: எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள் 🌾 இங்கே விடிந்துவிட்டது, கோலம் போட்டுவிட்டுப் போனை எடுத்தால் நாற்பது மெசேஜ். யாருக்கு என்ன ஆச்சு? தம்பி ஏன் அழுகிற பொம்மை போட்டிருக்கிறான்?

நான்: ஒன்றுமில்லை அத்தை. சித்தப்பா டீம் தோற்றுவிட்டது. பிளேஆஃபில், சொந்த ஊரில். இந்த சீசனில் வீட்டு மைதானத்தில் ஒரு மேட்ச்கூடத் தோற்காதவர்கள். வந்தது ஏழாம் இடத்து டீம்.

அத்தை மதுரை: இது கையால் விளையாடுகிற புட்பால்தானே?

தம்பி: அதேதான் அத்தை.

அத்தை மதுரை: அப்போ சரி. பொங்கல் பொங்கட்டும், அப்புறம் வருகிறேன்.

ஜனவரி 15, திங்கள்

சித்தப்பா: ராத்திரி தூக்கமில்லை. என் முடிவு ஒன்றுதான், ஹெட் கோச் மெக்கார்த்தி போக வேண்டும். மூன்று வருஷம் தொடர்ந்து 12 வெற்றி 5 தோல்வி, பிளேஆஃபில் ஒரே ஒரு வெற்றி. 2022-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நைனர்ஸிடம் சொந்த ஊரில் 23-17, டாக் ஓடிச் சறுக்கியதும் கடிகாரம் தீர்ந்துபோனது. போன வருஷம் மறுபடி நைனர்ஸ் 19-12, கடைசி ஆட்டத்தில் ஓட்டக்காரன் ஸீக் எலியட்டை, குவார்ட்டர்பேக்குக்குப் பந்தைத் தள்ளிக்கொடுக்கிற சென்டரில் நிற்கவைத்த கூத்து. இப்போது இது. வீட்டில் பெலிசிக் சும்மா உட்கார்ந்திருக்கிறார், நியூ இங்கிலாந்தை விட்டு வந்து நாலு நாள்தான் ஆகிறது, ஆறு கோப்பை வாங்கிக்கொடுத்த கோச். டீம் முதலாளி ஜெர்ரி போனை எடுக்க வேண்டியதுதானே?

அண்ணன்: சித்தப்பா, மெக்கார்த்தியை நான் தாங்கிப் பேசவில்லை, ஆனால் நேற்று தோற்றது டிஃபன்ஸில், எதிராளியைத் தடுக்கிற பக்கத்தில். டாக் போட்ட பாஸில் இரண்டை எதிராளி பிடித்தான் (இன்டர்செப்ஷன்), அதில் ஒன்று நேராகப் பாயின்ட்டாகவே போனது, எல்லாம் உண்மை. பேக்கர்ஸ் பந்தோடு முன்னேறிய முதல் டிரைவை யோசித்துப் பாருங்கள். டாஸ் ஜெயித்து அவர்கள் பந்தை வாங்கிக்கொண்டார்கள். டாக் இன்னும் களத்துக்கே வரவில்லை. 75 யார்டு, அவசரமே இல்லாமல், முதல் குவார்ட்டரில் பாதிக்கு மேல் தின்றுவிட்டு அவர்கள் ஓட்டக்காரன் ஏரன் ஜோன்ஸ் டச்டவுன் கோட்டுக்கு உள்ளே போய்விட்டான். அப்போதே தெரிந்துவிட்டது, இன்றைக்கு நடுவில் ஆளே இல்லை என்று.

தம்பி: ஜோன்ஸ் 118 யார்டு, 3 டச்டவுன். அவர்கள் குவார்ட்டர்பேக் லவ் 21 பாஸில் 16 சரி, 272 யார்டு, 3 டச்டவுன். பாஸ் ரேட்டிங் 157.2, அதில் முழு மார்க்கே 158.3-தான். முதல் பிளேஆஃப் ஆட்டம் அவனுக்கு. அவனை ஒருமுறைகூட சாக் செய்யவில்லை (பாஸ் போடும் முன் சாய்க்கவில்லை) நம் ஆட்கள்.

அத்தான்: குவார்ட்டர்பேக் மேல் பாய்கிற உங்கள் பார்சன்ஸ் ஊரில் இல்லையா?

அண்ணன்: இருந்தான் அத்தான். இருந்து என்ன செய்வது? நம் டிஃபன்ஸ் கோஆர்டினேட்டர் (டிஃபன்ஸ் பார்க்கிற கோச்) குவின்னின் டிஃபன்ஸ் முழுக்க ஒரு எண்ணத்தின் மேல் நிற்கிறது: நாம் முன்னால் போய்விடுவோம், எதிராளி பாஸ் போட்டே ஆக வேண்டும், அப்போது பார்சன்ஸ் பாய்வான், பதறிப் போட்ட பந்தை பிளாண்ட் பிடிப்பான். வீட்டில் அது பிரமாதமாக நடந்தது. பிளாண்ட் ஒரே சீசனில் ஐந்து பிக்-சிக்ஸ் (எதிராளி பாஸைப் பிடித்து அப்படியே ஓடிப் போடுகிற டச்டவுன்), லீக் ரெக்கார்டு. ஆனால் எதிராளி முதலில் முன்னால் போய்விட்டால்? அவன் ஓடுவான், நாம் ஓட்டத்தைத் தடுக்க முன்னே வருவோம், அவன் ஓடுகிற மாதிரி காட்டிப் பின்னால் பாஸ் போடுவான். லூக் மஸ்கிரேவின் 38 யார்டு டச்டவுனைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், அவனைச் சுற்றி ஒரு வீடு கட்டலாம், அவ்வளவு இடம். டவுப்ஸ் பாஸ் பிடித்தே 151 யார்டு. யார் யாரைப் பிடிப்பது என்று நம் பசங்களே ஒருவரையொருவர் பார்த்துக் கையை விரிக்கிறார்கள்.

சித்தப்பா: அந்த மஸ்கிரேவ் பந்து நான் இருந்த பக்கம்தான் வந்தது. கையில் பந்து விழுந்த பிறகுதான் எங்கள் ஆள் திரும்பியே பார்க்கிறான்.

அத்தை மதுரை: பொங்கி முடிந்தது. சாமி கும்பிட்டாச்சு. தம்பி (உன் பையனை இல்லை, உன்னைத்தான்), நீ சின்ன வயசில் கபடி ஆடுவாயே, அது மாதிரி ஏதாவது சொன்னால் எனக்கும் விளங்கும்.

சித்தப்பா: அக்கா, மூலைக்காரன் அவசரப்பட்டுத் தனியாகப் பாய்ந்துவிட்டான், மற்றவன் கையை விட்டுவிட்டான், சங்கிலி அறுந்தது, ரெய்டர் நடுவில் புகுந்து போனஸும் தொட்டுவிட்டுச் சாவகாசமாகத் திரும்பிவிட்டான். நேற்று மூன்று மணி நேரமும் இதேதான்.

அத்தை மதுரை: அப்போ நடுவில் நிற்கிறவனைத் திட்ட வேண்டும். பாய்கிறவனை ஏன் திட்டுகிறீர்கள்?

தம்பி: அத்தைக்குக் கௌபாய்ஸ் தலைமையகம் ஸ்டாரில் ஒரு வேலை போட்டுக் கொடுங்கள் 🙏 இதைத்தான் நான் செப்டம்பரிலிருந்து கத்துகிறேன். நடுவில் நிற்க லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நின்று ஓடி வருகிறவனைத் தடுப்பவன்) இல்லை. ஓவர்ஷோனை டிராஃப்டில் (டீம்கள் முறைவைத்துப் புது ஆட்களை எடுப்பது) எடுத்தார்கள், சீசன் தொடங்குவதற்கு முன்பே முழங்கால் போனது. வாண்டர் எஷ் அக்டோபரில் கழுத்து அடிபட்டுப் போனான். அந்த இடத்தில் மார்க்வீஸ் பெல்லை நிறுத்தினார்கள். அவன் சேஃப்டி, கடைசி வரிசையில் நின்று பாஸைத் தடுப்பவன். நல்ல ஆட்டக்காரன், வேகம் இருக்கிறது, ஆனால் எதிராளி முன்வரிசையிலிருந்து முந்நூறு பவுண்டு கார்டு வந்து மோதினால் பாவம் என்ன செய்வான்?

நான்: இது நேற்று திடீரென்று தெரிந்த விஷயமும் இல்லை. செப்டம்பரில் அரிசோனா நம் மேல் 222 யார்டு ஓடியது. டிசம்பரில் பஃபலோ 266. அன்றைக்கு அவர்கள் குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன் மொத்தமே 15 பாஸ்தான் போட்டான், தேவைப்படவே இல்லை, குக் ஒருவனே 179 ஓடிவிட்டான். அந்த வீடியோவை பேக்கர்ஸ் கோச் லஃப்ளோர் பார்க்காமலா இருப்பார்? நாம் அதற்குப் பிறகும் அதே பெல், அதே கிளார்க், பாஸைத் தடுக்கிற அதே ஆறு ஏழு டிஃபன்ஸ் பேக் வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

அண்ணன்: அதனால்தான் சொல்கிறேன், குவின் போகட்டும்.

நான்: குவின் என்ன செய்வார் அண்ணா? கடையில் வாங்கிக் கொடுக்காத காய்க்குச் சமையல்காரரைத் திட்டுகிறாய். 2021-இல் அவர் வந்தபோது முந்தைய வருஷத்து டிஃபன்ஸ் எப்படிக் கிடந்தது என்று மறந்துவிட்டதா? வந்த வருஷமே பந்தைப் பிடுங்குவதில் லீக்கில் முதல் இடம், அடுத்த வருஷமும் முதல் இடம்.

அண்ணன்: பிடுங்குவது சரி. பிளேஆஃபில் பந்தைக் கவனமாக வைத்துக்கொள்கிற டீம்தான் வரும். பிடுங்க ஒன்றும் கிடைக்காத நாளில் இரண்டாவது திட்டம் என்ன? அட்லாண்டா கோச்சாக 28-3 முன்னால் இருந்துவிட்டு சூப்பர் பௌலை (லீக் இறுதிப் போட்டி) தோற்றவரும் இவரேதான், அதையும் மறக்க வேண்டாம்.

அத்தான்: எங்கள் டிமிகோ ரையன்ஸைப் பாருங்கள். அவரும் டிஃபன்ஸ் கோஆர்டினேட்டராக இருந்து வந்தவர்தான், ஹெட் கோச்சாக முதல் வருஷம். லைன்பேக்கராக ஆடியவர். நடுவில் யார் நிற்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சனிக்கிழமை கிறிஸ்டியன் ஹாரிஸ் என்கிற எங்கள் லைன்பேக்கர் பிக்-சிக்ஸ் எடுத்தான். சும்மா ஒரு தகவலுக்காகச் சொன்னேன்.

சித்தப்பா: மாப்பிள்ளை, நீங்கள் ஒரு மேட்ச் ஜெயித்துவிட்டு இவ்வளவு பேசுகிறீர்கள். எங்களிடம் ஐந்து கோப்பை இருக்கிறது.

அத்தான்: கடைசியாக வாங்கியது எந்த வருஷம் மாமா?

சித்தப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அக்கா: போதும். எங்கள் காரில் சர்க்கரைப் பொங்கல், வடை மாவு, இரண்டு கரும்பு, கூடவே வாய் மூடாத இவர். மத்தியானம் வந்து சேர்வோம். வீட்டில் இந்தப் பேச்சு எடுப்பவர்களுக்கு வடை கிடையாது.

சித்தி: நான் வழிமொழிகிறேன்.

ஜனவரி 17, புதன்

தம்பி: மெக்கார்த்தி தொடர்கிறார். ஜெர்ரி அறிவித்துவிட்டார்.

சித்தப்பா: பார்த்தேன். ஒப்பந்தத்தில் கடைசி வருஷம், அதை நீட்டிக்கவும் இல்லை. அனுப்பவும் மாட்டேன், நம்பவும் மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? இவர் பேக்கர்ஸ் கோச்சாக இருந்து சூப்பர் பௌல் வாங்கியது இதே ஆர்லிங்டன் மைதானத்தில்தான். அதே மைதானத்தில் அதே பேக்கர்ஸ் வந்து இவரை இந்தப் பாடு படுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான்: சித்தப்பா, நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். 1989-இல் ஜெர்ரி டீமை வாங்கினார். அன்றிலிருந்து ஜெனரல் மேனேஜரும் அவரேதான். ஜிம்மி ஜான்சன், ஸ்விட்சர், பார்செல்ஸ், கேரட், இப்போது மெக்கார்த்தி. கோச் மாறிக்கொண்டே இருக்கிறார். ஆளை எடுக்கிற கை மாறவே இல்லை. லைன்பேக்கர் இல்லை, பெரிய உடம்புக்காரர்கள் நடுவில் இல்லை என்பது கோச் தப்பா, ஆளை எடுத்தவர் தப்பா? வேறு ஊரில் இப்படி 28 வருஷம் ஒரு ஜெனரல் மேனேஜர் கோப்பை வாங்காமல் இருந்தால் முதலாளி அனுப்பிவிடுவார். இங்கே முதலாளி யாரை அனுப்புவார்?

சித்தப்பா: நீ சொல்வது புரிகிறது. ஆனால் ஜெர்ரியை எண்பது வயசுக்கு மேல் யார் மாற்றுவது? மாற்ற முடிகிறதைத்தான் நான் பேச முடியும். ஜிம்மிக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமல் இரண்டு கோப்பை வாங்கிய கையோடு பிரிந்தார்கள். போன மாசக் கடைசியில்தான் ஜிம்மி பேரை மைதானத்துக் கௌரவ வரிசையான ரிங் ஆஃப் ஆனரில் ஏற்றினார்கள். டிவியில் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷம் எடுத்திருக்கிறது அந்த மனுஷனுக்கு ஒரு பலகை வைக்க.

அண்ணன்: பெலிசிக் வந்தாலும் அதனால்தான் சொல்கிறேன், மூன்றாம் மாசமே சண்டை வரும். அவரும் ஆளைத் தானே எடுக்க வேண்டும் என்பார்.

பிப்ரவரி 2, வெள்ளி

அண்ணன்: குவின் போயாச்சு. எங்கே என்று பாருங்கள். வாஷிங்டனுக்கு. ஹெட் கோச். நம்மோடு வருஷத்துக்கு இரண்டு தடவை மோதுகிற டீம்.

அத்தான்: 48 பாயின்ட் கொடுத்தவருக்குப் பதவி உயர்வு. என் மேனேஜரிடம் இதைக் காட்டப் போகிறேன்.

தம்பி: இதைவிட வேடிக்கை, பேக்கர்ஸும் அவர்களுடைய டிஃபன்ஸ் கோஆர்டினேட்டர் ஜோ பேரியை அனுப்பிவிட்டார்கள். நம்மை அடித்து அடுத்த வாரம் நைனர்ஸிடம் 24-21 தோற்றதும் ஆள் காலி. அந்த ஊர் ரசிகர்கள் அவரை விரட்டச் சொல்லி சீசன் முழுக்கக் கத்தினார்கள், அவர் டிஃபன்ஸ்தான் நம் டாக்கிடம் இரண்டு பந்து பிடுங்கியது.

சித்தப்பா: அதைச் சொல்லாதேடா.

பிப்ரவரி 13, செவ்வாய்

சித்தப்பா: மைக் சிம்மர் வருகிறார்! இது சரியான ஆள். ஏற்கெனவே நம்மிடம் 1994-இல் சேர்ந்து 2006 வரை இருந்தவர், பார்செல்ஸ் காலத்திலும் அவர்தான் டிஃபன்ஸ் பார்த்தார். அப்புறம் மினசோட்டாவில் எட்டு வருஷம் ஹெட் கோச். தப்பு செய்தால் முகத்துக்கு நேரே சொல்கிற மனுஷன்.

அண்ணன்: எனக்கும் சம்மதம். இரண்டு லைன்பேக்கரை நடுவில், சென்டரின் இரு பக்கமும் ஒட்டி நிறுத்துவார். வருவார்களா, பின்னால் போவார்களா என்று குவார்ட்டர்பேக்குக்குத் தெரியாது. எதிராளி லைன் முழுக்க உள்பக்கம் கவனிக்க வேண்டும், பார்சன்ஸுக்கு வெளியே ஒற்றை ஆள்தான் மிச்சம்.

நான்: நல்ல திட்டம். அந்த இரண்டு லைன்பேக்கர் யார்?

அண்ணன்: ...

தம்பி: ஓவர்ஷோன் முழங்கால் சரியாகி வருகிறான். வாண்டர் எஷ் மறுபடி ஆடுவானா என்பதே சந்தேகம். இருப்பது கிளார்க். முன்வரிசைக்கு மாஸி ஸ்மித்தை டிராஃப்டில் 26-ஆவதாக எடுத்து முதல் வருஷம் பெரும்பாலும் பெஞ்சிலேயே வைத்திருந்தார்கள், அவனை இனியாவது நடுவில் விட்டால் சரி.

சித்தப்பா: மார்ச்சில் யாரையாவது வாங்குவார்கள். சிம்மர் கேட்பார், கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நான்: குவினும் கேட்டிருப்பார் சித்தப்பா.

தம்பி: ஏப்ரல் டிராஃப்டில் ஒரு லைன்பேக்கராவது எடுக்கவில்லை என்றால் நான் ஹூஸ்டன் பக்கம் போய்விடுகிறேன். இதைக் குழுவில் எழுதியே வைக்கிறேன்.

அத்தான்: சைஸ் சொல்லு தம்பி, எங்கள் குவார்ட்டர்பேக் ஸ்ட்ரவுட் ஜெர்சி இன்றைக்கே ஆர்டர் போட்டுவிடுகிறேன்.

தம்பி: மீடியம்.

சித்தப்பா: அந்த ஜெர்சி வருகிற அன்றைக்கு காலேஜ் ஃபீஸையும் அத்தானிடமே வாங்கிக்கொள்.